பேட்-3 இல்லாத புழு ஏன் முட்டைக்குள்ளயே நின்னு போகுது?

கொட்டகலை மழை:
அண்ணாமாரே அக்காமாரே ஒரு டவுட். ரெண்டு நாளா இங்க மழை, கரண்டும் வந்து வந்து போகுது, கெம்பஸ் நோட்ஸ வச்சுகிட்டு மண்டைய பிச்சுகிட்டு இருக்கேன். லேப்ல வளக்குற சீ. எலிகன்ஸ்ங்கிற குட்டி புழுல பேட்-3 ஜீன் பழுதானா தசைல ஆக்டின் மயோசின்னு சுருங்க வைக்கிற புரத இழை எல்லாம் இருந்தும் அசையாதாம், கரு முட்டைக்குள்ள ரெண்டா மடிஞ்சு கெடக்குற கட்டத்துலயே, அதான் ரெண்டு மடிப்புலயே, நின்னுருமாம். சாமான் பூரா இருக்கு, அப்புறம் ஏன்? அதோட தசைய கட்டுறதுல எந்த ஜீனோட புரதம் முந்தி வருது எது பிந்தின்னு ஒரு மில்லிமீட்டர் புழுல எப்டி கண்டுபுடிச்சாங்க? அப்பாகிட்ட சொன்னா, தேயிலை வேர்ல வர்ற புழுவா, அதுக்கு மருந்து கேளுங்கிறாரு 😅

பழைய லேப்காரன்:
தம்பி, தேர் வடத்த நூறு பேர் புடிச்சாலும் சகதில கால் ஊணலன்னா தேர் நகருமா? தசைக்கு கால் ஊணுற எடம் டென்ஸ் பொடியும் (பொடின்னா தூள் இல்ல, இங்கிலீஷ் body) எம்-லைனும். ஆக்டின் இழை முதலாவதுல, மயோசின் இழை ரெண்டாவதுல. ரெண்டுக்கும் அடில செல் சவ்வுல குத்திகிட்டு நிக்கிறது இன்டெக்ரின்ங்கிற புரதம், பேட்-2 ஒரு பாதி பேட்-3 மறு பாதி, ஒண்ணு இல்லன்னா மத்ததும் வேலைக்காகாது. கரு ரெண்டு மடிப்புக்கு மேல நீளணும்னா தசை சுருங்கியே ஆகணும், சுருங்கல, அதோட சரி.

பண்டாரவளை அக்கா:
வரிசை கண்டுபுடிச்ச விதந்தான் அழகு. 1994ல வில்லியம்ஸும் வாட்டர்ஸ்டனும் இப்டி நின்னு போன கருக்களாவே தேடி புடிச்சு ஜீன்கள பிரிச்சாங்க. வாதம் வந்து ரெண்டு மடிப்புல நின்னு போறதுங்கிறதோட இங்கிலீஷ் சுருக்கந்தான் பேட். ஒரு ஜீன் பழுதான கருவுக்கு, குறிப்பிட்ட புரதத்துல மட்டும் ஒட்டுற ஆன்டிபொடி போட்டு மத்த புரதமெல்லாம் அது அது எடத்துக்கு வந்துச்சான்னு மைக்ரோஸ்கோப்ல பாக்குறது, அவ்ளோதான். செல்லுக்கு வெளிய இருக்குற அன்க்-52ங்கிற புரதம் இல்லன்னா இன்டெக்ரின் ஒழுங்கா ஒண்ணு சேராது. இன்டெக்ரின் சேரலன்னா அதோட ஒட்டுற பேட்-4 புரதம் அங்க வராது, பேட்-4 வரலன்னா பேட்-6 புரதமும் வராது. ஆனா டெப்-1, அதான் டென்ஸ் பொடில இருக்குற வின்குலின் புரதம், இல்லாத கருல பாத்தா இன்டெக்ரின் அதோட எடத்துல இருக்கு, எம்-லைனும் இருக்கு, ஆக்டின் மட்டும் புடிப்பு இல்லாம கெடக்கு! அதனால எல்லாத்தயும் ஒரே சங்கிலின்னு மனப்பாடம் பண்ணி எழுதிராதீங்க.

கொட்டகலை மழை:
இப்ப வெளங்குது அக்கா. அன்க்-52க்கு மட்டும் ஏன் பேட்னு பேர் இல்ல?

பண்டாரவளை அக்கா:
அது முதல்ல மாட்டினது லேசா பழுதான புழுல, பொறந்து வளர வளர கொஞ்ச கொஞ்சமா வாதம் வர்ற வகை. நடை சரியில்லாத புழுவுக்கெல்லாம் அன்க்னு பேர் வச்சிருந்தாங்க, அதுவே நெலச்சிருச்சு. முழுசா பழுதானா அதுவும் ரெண்டு மடிப்புல நின்னுரும். அப்பாகிட்ட சொல்லுங்க, இது வேர கடிக்காது, பக்டீரியா தின்னுட்டு கெடக்குற புழு. தேயிலை வேர் புழு இதுக்கு தூரத்து சொந்தம், மருந்து கேக்குறதுன்னா தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்துல தான் கேக்கணும்.