எட்டு முறை சீனச் சாம்பியன், இரண்டு முறை ஆசியச் சாம்பியன்: குவாங்சௌ கால்பந்துக் கழகம் ஏன் கலைந்தது?

நெடுங்கிள்ளி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2015 டிசம்பரில் ஜப்பானில் நடந்த கழகங்களுக்கான உலகக் கோப்பையில் குவாங்சௌ எவர்கிராண்ட் என்ற சீன அணியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மெக்சிகோவின் கிளப் அமெரிக்கா அணியை, ஆட்டம் முடியும் தறுவாயில் பாலின்யோ அடித்த கோலால் வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். அங்கே பார்சிலோனாவின் சுவாரெஸ் ஒருவரே மூன்று கோல் போட்டுக் கதையை முடித்துவிட்டார். தோற்றாலும் மனத்தில் நின்ற அணி அது. பிறகு வேலை, குடும்பம் என்று கால்பந்திலிருந்து விலகிவிட்டேன்.

அண்மையில் அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தபோது, 2025 ஜனவரியிலேயே கழகம் கலைக்கப்பட்டுவிட்டது என்று அறிந்து திகைத்தேன். உரிமையாளரான கட்டுமான நிறுவனம் கடனில் மூழ்கிய செய்தி தெரியும். ஆனால் உரிமையாளர் கைவிட்டால் வேறொருவர் வாங்கி நடத்துவதுதானே வழக்கம்? இந்தக் கழகத்தை மட்டும் ஏன் யாரும் தூக்கி நிறுத்தவில்லை? இது 2010க்குப் பிறகு பணத்தால் உருவாக்கப்பட்ட கழகம்தானா, அதற்கு முன்னும் ஒரு வரலாறு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

பழைய ஆட்டக்காரன் எழுதியது:

வணக்கம் ஐயா. இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால்தான் முதல் கேள்வி விளங்கும். குவாங்சௌ அணி 2010இல் பிறந்ததன்று. நகர விளையாட்டு நிர்வாகத்தின் அணியாக அது 1954இலேயே தொடங்கப்பட்டது. அன்றைய சீனாவில் கால்பந்து அணி என்பது அரசுச் செலவில் சோறு போட்டு வளர்க்கப்பட்ட அணிதான். விளையாட்டைத் தொழில்முறைக்கு மாற்றும் முயற்சி 1990களின் தொடக்கத்தில் நடந்தபோது, குவாங்சௌ மற்றவர்களை முந்திக்கொண்டது. 1993 ஜனவரியில் நகர விளையாட்டு நிர்வாகமும், 'தாய்யாங்ஷென்' (சூரிய தேவன்) என்ற பெயரில் சத்துப் பானம் விற்ற நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து அணியைக் கழகமாக மாற்றின. வெளிநாடுகளில் அந்த நிறுவனத்தை அப்போலோ என்று அழைத்தார்கள். 1994இல் நடந்த முதல் தொழில்முறைத் தொடரில் தாலியன் வான்டா முதலிடமும் குவாங்சௌ இரண்டாமிடமும் பெற்றன.

அதற்குப் பிறகு சறுக்கல்தான். 1998இல் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்ட அணி, மேலே ஏறிவரக் கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காலத்தில் அணியின் பெயர் மாறிய வேகத்தைப் பார்த்தால் வாடகை வீட்டின் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைதான் நினைவுக்கு வரும். 2001இல் கார் நிறுவனமான ஜீலி வந்தது. நடுவர்கள் விலைபோகிறார்கள் என்று அதன் தலைவர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டிவிட்டு அதே ஆண்டில் வெளியேறினார். பிறகு ஷியாங்ஷுவே என்ற மருந்து நிறுவனம், அதன் பிறகு குடிநீர் விற்ற ஒரு நிறுவனம், 2006இலிருந்து குவாங்சௌ மருந்து நிறுவனம் என்று ஒவ்வொருவரும் தங்கள் பெயரை அணியின் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். 2007இல் இரண்டாம் நிலைத் தொடரை வென்று 2008இல் முதல் நிலைத் தொடரான சூப்பர் லீகுக்கு வந்து, 2009இல் ஒன்பதாம் இடத்தில் முடித்தார்கள்.

அப்போதுதான் பழைய பாவம் வெளியே வந்தது. 2006இல் பணம் கொடுத்து ஓர் ஆட்டத்தின் முடிவை விலைக்கு வாங்கியது விசாரணையில் தெரியவர, 2010 பிப்ரவரியில் சீனக் கால்பந்து சங்கம் அணியை மீண்டும் இரண்டாம் நிலைக்கு இறக்கியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு யுனைடெட் நடத்திவந்த செங்டு பிளேட்ஸ் அணிக்கும் அதே காலத்தில் அதே தண்டனைதான். பெயர் கெட்டு, கீழே விழுந்து கிடந்த குவாங்சௌ அணியை அடுத்த சில நாள்களிலேயே ஷு ஜியாயின் என்ற தொழிலதிபரின் எவர்கிராண்ட் கட்டுமான நிறுவனம் 10 கோடி யுவானுக்கு வாங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலாளிகள் பலமுறை மாறியபோதும் அணி சாகவில்லை. ஒருவர் போனால், இன்னொருவர் வரும்வரை நகர நிர்வாகமோ நகரக் கால்பந்துச் சங்கமோ அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. அந்த ஏற்பாடு ஏன் கடைசி முறை மட்டும் பலிக்கவில்லை என்பதைக் கணக்கு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

துறைமுகத்தான் எழுதியது:

ஆயத்த ஆடைக் கொள்முதலுக்காக 2012 முதல் 2015 வரை ஆண்டில் பாதி நாள் குவாங்சௌவில் தங்கியிருந்தவன் என்ற முறையில், வரலாற்றுக்குள் போகாமல் கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

2013 நவம்பர் 9 அன்று ஆசியச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் இரண்டாம் சுற்று, நகரின் தியான்ஹ அரங்கில் தென்கொரியாவின் எஃப்சி சியோலுக்கு எதிராக நடந்தது. நுழைவுச்சீட்டுக்கு நான் முயன்றது வீண். அரங்கத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்த, வழக்கமாக நான் இரவு உணவுக்குச் செல்லும் வொன்டன் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். சியோலில் நடந்த முதல் சுற்று 2-2 என்று முடிந்திருந்ததால், வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அன்றைய விதிப்படி இங்கே 0-0 அல்லது 1-1 என்று முடிந்தாலே போதும். இரண்டாம் பாதியில் எல்கெசன் கோல் அடித்தபோது, கடைக்காரர் கையிலிருந்த சல்லிக் கரண்டியைக் கொதிக்கும் நீருக்குள்ளேயே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். சில நிமிடங்களில் சியோலின் டம்யானோவிச் சமன் செய்ய, கடைக்காரர் திரும்பி வந்து, குழைந்துபோன நூடுல்ஸை ஒரு வார்த்தையும் பேசாமல் குப்பையில் கொட்டினார். 1-1 என்றே ஆட்டம் முடிந்து கோப்பை கைக்கு வந்த பிறகு, அந்தத் தெருவில் நள்ளிரவு தாண்டியும் வண்டிகள் ஒலி எழுப்பிக்கொண்டே போயின. 1990இல் லியாவ்னிங் அணி பழைய ஆசியக் கழகப் போட்டியை வென்ற பிறகு எந்தச் சீன அணிக்கும் கிட்டாத கோப்பை அது.

அந்தக் கடையின் சுவரில் ஒரு பழைய அணிப் படம் மாட்டியிருந்தது. அதில் ஆட்டக்காரர்களின் மார்பில் சிவப்பு வட்டமும் அதன் கீழே கறுப்பு முக்கோணமும் இருக்கும். அது அப்போலோ காலத்துச் சின்னம் என்று அவரே விளக்கினார். நான் 'எவர்கிராண்ட்' என்று சொல்லும்போதெல்லாம் அவர் திருத்துவார். அவருக்கு அது 'குவாங்சௌ அணி' மட்டுமே. கம்பெனிக்காரர்கள் வருவார்கள், போவார்கள் என்பது அவருடைய நிலைப்பாடு.

எனினும் அந்தக் கம்பெனிக்காரர்கள் கொட்டிய பணத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2011இல் பிரேசிலின் ஃப்ளூமினென்சே அணியிலிருந்து டாரியோ கொன்காவைக் கிட்டத்தட்ட 1 கோடி டாலருக்கு அழைத்து வந்தார்கள். அந்த ஆண்டின் ஊக்கத்தொகை ஏற்பாட்டை ரசிகர்கள் '513' என்பார்கள்: வென்றால் அணிக்கு 50 லட்சம் யுவான், சமன் செய்தால் 10 லட்சம், தோற்றால் 30 லட்சம் அபராதம். மேலே ஏறிய முதல் ஆண்டிலேயே சூப்பர் லீக் பட்டம் வந்தது. அதைப் பெற்றுத் தந்த கொரியப் பயிற்சியாளர் லீ ஜாங்-சூவை 2012 மே மாதத்தில் அனுப்பிவிட்டு, இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த மார்செல்லோ லிப்பியை அமர்த்தினார்கள். அது நன்றிகெட்ட செயல் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் லிப்பியின் அணி ஆடிய ஆட்டம் வேறு வகை. 2013 அரையிறுதியில் ஜப்பானின் காஷிவா ரேசோல் அணியை இரண்டு சுற்றுகளிலும் சேர்த்து 8-1 என்று நொறுக்கினார்கள். அணித்தலைவர் ஜெங் ஜி அந்த ஆண்டின் சிறந்த ஆசிய ஆட்டக்காரராகத் தேர்வானார்.

வரவு செலவு எழுதியது:

நெடுங்கிள்ளி அவர்களின் முதல் கேள்விக்கு வருகிறேன். என் கருத்தில் இந்தக் கழகம் 2021இல் நோய்வாய்ப்பட்டதன்று. வெற்றி குவிந்த காலத்திலேயே அதன் கணக்குப் புத்தகம் சரியில்லை. 2014 ஜூன் மாதத்தில் இணைய வணிக நிறுவனமான அலிபாபா 120 கோடி யுவான் கொடுத்துப் பாதிப் பங்கை வாங்கியது. கழகத்தின் பெயரில் அலிபாபாவின் இணையக் கடையான 'தவ்பாவ்' சேர்ந்தது. 2015இல் பெய்ஜிங்கின் 'புதிய மூன்றாம் பலகை' எனப்படும் சிறு நிறுவனங்களுக்கான பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதால், கழகம் தன் கணக்கை வெளியிட வேண்டியதாயிற்று. கோப்பைகள் வந்த ஆண்டுகளிலும் நட்டமே பதிவானது. நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு உரிமை, விளம்பரம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் சம்பளத்துக்குப் போதவில்லை; மிச்சத்தை எவர்கிராண்ட் வீடு கட்டி விற்ற பணம் ஈடுகட்டியது. 2016இல் அட்லெட்டிகோ மாட்ரிட்டிலிருந்து 4.2 கோடி யூரோவுக்கு வாங்கிய ஜாக்சன் மார்டினெஸ் காயத்தால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். பாலின்யோவை மட்டும் சுமார் 1.4 கோடி யூரோவுக்கு வாங்கி, 2017இல் 4 கோடிக்குப் பார்சிலோனாவுக்கு விற்றார்கள். அது லாபம்தான், ஆனால் அத்தகைய லாபம் வழக்கமாகவில்லை.

இவ்வளவு நட்டத்தை ஏன் சுமந்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். 2015 நவம்பரில் துபாயின் அல் அஹ்லி அணிக்கு எதிரான ஆசிய இறுதியாட்டத்தில், சட்டையின் மார்பில் இருந்திருக்க வேண்டியது ஒப்பந்தப்படி பணம் செலுத்தியிருந்த டோங்ஃபெங் நிசான் கார் விளம்பரம். ஆட்டக்காரர்கள் களமிறங்கியபோது அங்கே இருந்தது எவர்கிராண்டின் சொந்த ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர். கார் நிறுவனம் வழக்குத் தொடுத்து வென்றது, கிட்டத்தட்ட 2.5 கோடி யுவான் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பானது. கோடிக்கணக்கானோர் பார்க்கும் அந்த ஓர் இரவுக்கு அந்தத் தொகை மலிவு என்று முதலாளி கணக்குப் போட்டிருக்க வேண்டும். கழகத்தை விளம்பரத் துறையின் ஒரு பிரிவாக நடத்தினால், விளம்பரத்துக்குக் காசில்லாத நாளில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான்.

அரசும் விதிகளை இறுக்கியது. 2017இல், 4.5 கோடி யுவானுக்கு மேல் கொடுத்து வெளிநாட்டவரை வாங்கினால் அதே அளவு தொகையை இளைஞர் கால்பந்து நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றார்கள். 2020 இறுதியில் கழகத்தின் ஆண்டுச் செலவுக்கு 60 கோடி யுவான் என்று வரம்பு வந்தது; கழகப் பெயரில் நிறுவனப் பெயர் இருக்கக் கூடாது என்றும் ஆணை வந்தது. ஆக 2021 ஜனவரியில் அது வெறும் 'குவாங்சௌ கால்பந்துக் கழகம்' ஆயிற்று. நூடுல்ஸ் கடைக்காரர் கேட்ட பெயர் கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரைச் சுமக்க ஆளில்லாமல் போகும் நேரத்தில் கிடைத்தது.

2020 ஏப்ரலில் 1,200 கோடி யுவான் செலவில், தாமரை வடிவில், 1 லட்சம் இருக்கைகளோடு புது அரங்கத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். 2021இல் எவர்கிராண்ட் தன் கடனைக் கட்ட முடியாமல் திணறத் தொடங்கியதும் அந்த வேலை முடங்கியது. 2022 ஆகஸ்டில் அந்நிலத்தின் உரிமை 552 கோடி யுவானுக்கு அரசிடமே திரும்பியது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் பெரும் சம்பளக்காரர்களும் ஒவ்வொருவராக வெளியேற, பயிற்சிப் பள்ளிப் பிள்ளைகள் களமிறங்கினார்கள். 2022 ஆசியச் சாம்பியன்ஸ் லீகில் அந்தப் பிள்ளைகள் ஆறு ஆட்டங்களிலும் தோற்று, 24 கோல் வாங்கி, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினார்கள். அதே ஆண்டு சூப்பர் லீகிலிருந்தும் தரமிறக்கம்.

இப்போது, யாரும் ஏன் வாங்கவில்லை என்ற கேள்வி. 2010இல் எவர்கிராண்ட் வாங்கியது மானம் போன அணியை. தலைக்கு மேல் சம்பளப் பாக்கி உள்ள அணியை அல்ல. 2022க்குப் பிறகு வருகிறவர், வெற்றிக் காலத்து ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஏற்பட்ட பாக்கியைத் தீர்த்தால்தான் சீனக் கால்பந்து சங்கம் ஆட உரிமம் தரும். இரண்டாம் நிலையில் ஆடும் ஓர் அணியின் வருமானத்தைக் கொண்டு அதைத் தீர்க்க முடியாது. நகர நிர்வாகம் தாங்கிப் பிடிக்கும் பழைய வழக்கமும் இவ்வளவு பெரிய கடனுக்கு ஈடு கொடுக்காது. 2024இல் அந்த இளம் அணி இரண்டாம் நிலையில் மூன்றாம் இடம் பிடித்து, மேலே ஏறும் வாய்ப்பை மயிரிழையில் தவறவிட்டது. ஆட்டத்தில் குறையில்லை. 2025 ஜனவரி 6 அன்று வெளியான உரிமப் பட்டியலில் பெயர் இல்லை. பணம் திரட்ட முயன்றும் பழைய கடனை அடைக்க அது போதவில்லை என்று கழகமே அறிவித்துக் கலைந்தது.

நெடுங்கிள்ளி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சட்டை விளம்பரச் செய்தி எனக்கு முற்றிலும் புதிது. கடைசியாக ஒன்று: குவாங்சௌ போன்ற பெரிய நகரத்துக்கு இப்போது தொழில்முறை அணியே இல்லையா? புதிதாக வருவோர் அந்த எட்டுப் பட்டங்களைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியுமா?

பழைய ஆட்டக்காரன் எழுதியது:

அணி இருக்கிறது. நகரின் இன்னொரு சூப்பர் லீக் அணியாக இருந்த குவாங்சௌ சிட்டி 2023இலேயே கலைந்துவிட்டது. 2025இல் 'குவாங்சௌ சிறுத்தை' என்ற அணி இரண்டாம் நிலைத் தொடரில் ஆடத் தொடங்கியது. பழைய கழகத்துக்குத் தென்சீனப் புலி சின்னம் என்பதால், புலி போய்ச் சிறுத்தை வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் சிறுத்தை தனியாகப் பதிவு செய்யப்பட்ட, தனி வரலாறு உள்ள கழகம். 2011 முதல் 2017 வரை தொடர்ந்து வென்ற ஏழும், 2019இல் வென்ற எட்டாவதும், இரண்டு ஆசியக் கோப்பைகளும் கலைந்துபோன கழகத்தின் பெயரிலேயே நிற்கும்.

துறைமுகத்தான் எழுதியது:

கடைக்காரரின் மகன் இன்னும் என்னோடு வீசாட் செயலியில் தொடர்பில் இருக்கிறார். கடையை இடம் மாற்றிவிட்டார்களாம். புதுக் கடையின் சுவரிலும் சிவப்பு வட்டம், கறுப்பு முக்கோணம் உள்ள அந்தப் பழைய படம்தான் மாட்டியிருக்கிறது என்று புகைப்படம் அனுப்பியிருந்தார். எவர்கிராண்ட் காலத்துப் படம் ஒன்றும் அதில் தென்படவில்லை.