தண்டவாள விரிவைக் குழந்தைகளுக்குப் புரியவைக்க ஒரு யோசனை வேண்டும்

ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வெப்ப விரிவு பற்றிச் சொல்லித்தருகிறேன். 1 கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 36 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். அதற்காகத்தான் இணைப்புகளில் இடைவெளி விட்டார்கள், சக்கரம் அதில் தட்டித்தான் 'தடக் தடக்' சத்தம் என்றால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம்தான் அருமையான கேள்வி வருகிறது: "இப்போது பற்றவைத்து ஒரே நீளமாகப் போடுகிறார்களே, அந்த 36 சென்டிமீட்டர் எங்கே போகும்?"

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளும் ஜல்லியும் இறுக்கிப் பிடிப்பதால் நீள முடியாமல் தண்டவாளத்துக்குள்ளேயே அழுத்தமாகத் தங்குகிறது. பிடி தளர்ந்தால் பக்கவாட்டில் வளைந்துவிடும். இந்த அழுத்தத்தை நெருப்பில்லாமல், குழந்தைகள் கையாலேயே உணரும்படி காட்ட எளிய செய்முறை யாருக்காவது தெரியுமா? குண்டும் வளையமும் சோதனை (வளையத்துக்குள் நுழையும் உலோகக் குண்டு சூடானதும் நுழையாது) செய்தாயிற்று. அது விரிவதைத்தான் காட்டும், தடுத்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டாது.