அவுட்டர் வைல்ட்ஸ்: 22 நிமிடத்துக்கு ஒருமுறை சாவதற்குக் காசு கொடுக்கலாமா?

தெப்பக்குளத்தான்
டவுன்ஹால் ரோட்டில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எனக்கென்று நேரம். இதுவரை விளையாடியதெல்லாம் சுடுவது, ஓட்டுவது, மறுபடி சுடுவது. அலுத்துவிட்டது. 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்று ஒரு விண்வெளி மர்ம கேம். 2019-ல் வந்தது, 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த கேம் விருது வாங்கியிருக்கிறது. வாங்கலாமா? கதையை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

ஆனைமலை
வாங்காதே தம்பி. ஒன்பது மணி நேரம் விளையாடிவிட்டுச் சொல்கிறேன்.

ஒரு கிராமத்தில் தீ மூட்டிய இடத்தில் கண் விழிக்கிறாய். மரத்தையும் தகரத்தையும் ஒட்டிச் செய்த மாதிரி ஒரு கப்பலைக் கொடுத்துப் போய் வா என்கிறார்கள். எங்கே, எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. மிஷன் கிடையாது, லெவல் கிடையாது. புதுத் துப்பாக்கி என்ன, பழைய துப்பாக்கிகூடக் கிடையாது. 22 நிமிடம் ஆனால் சூரியன் வெடிக்கும், நீ செத்துப்போவாய், மறுபடி அதே தீ. (இது கதையை உடைப்பது ஆகாது. முதல் ராத்திரியே உனக்குத் தெரிந்துவிடும்.) ஒன்பது மணி நேரம் கழித்து என் கையில் இருந்தது முதல் நிமிடத்தில் இருந்த அதே கப்பல். விருதை வைத்து என்ன செய்ய?

சிம்மக்கல் சீனி
நான் முதல் தடவை கப்பலில் போய் இறங்கி, கதவைத் திறந்து ஜம்மென்று வெளியே குதித்தேன். விண்வெளி உடுப்பு மாட்ட மறந்துவிட்டேன். அடுத்த தடவை உடுப்பெல்லாம் மாட்டி ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு டீ எடுக்கப் போனேன். அதற்குக் குறுக்கே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாது. திரும்பி வந்தால் சூரியனுக்குள் போய்க்கொண்டிருக்கிறேன். மாட்டுத்தாவணி ஷேர் ஆட்டோவே தேவலை.

கீழக்குயில்குடி
ஆனைமலை அண்ணன் சொன்ன விவரமெல்லாம் சரி, தீர்ப்பு மட்டும் தப்பு. கப்பல் மாறாதுதான். நமக்குத் தெரிந்த விஷயம் மட்டும்தான் மாறும். கடைசி இடத்துக்குப் போகும் வழி முதல் 22 நிமிடத்திலேயே திறந்துதான் கிடக்கிறது. எப்படிப் போவது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளை மாங்குளம் மலைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அங்கே குகைப் பாறையில் இருக்கும் எழுத்து 1882-ல் கண்ணில் பட்டது. அது தமிழ்தான் என்று கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னது 1924-ல். நாற்பது வருடம் பலரும் பார்த்த அதே கல். பிடிபட்ட பிறகு பார்த்தால் நெடுஞ்செழியன் பெயரே அதில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் குரங்கைத்தான் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். எனக்கு இந்த கேமில் கிடைத்தது அந்தப் 'பிடிபடுகிற' சந்தோஷம்.

ஆனைமலை
டீச்சர், மாங்குளத்தையும் இதையும் ஒன்றாக வைக்காதீர்கள். ஐயர் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இங்கே நோமாய் என்று அழிந்துபோன ஒரு கூட்டம் சுவரில் எழுதி வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவியை நீட்டினால் அதுவே படித்துச் சொல்லிவிடுகிறது. இதில் நான் என்னத்தைக் கண்டுபிடித்தேன்? வாசித்தேன். அதுவும் பக்கம் பக்கமாக ஆங்கிலம். தமிழ் கிடையாது. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு இது இன்னொரு பரீட்சை.

கீழக்குயில்குடி
ஆங்கிலம் அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கடினமான ஆங்கிலம் இல்லை, ஆனால் வாசிக்கப் பொறுமை வேண்டும். அது இல்லாதவர்கள் தொட வேண்டாம்.

மற்றபடி, எழுத்தைப் படிப்பது அங்கே வேலையே இல்லை அண்ணே. அந்தச் சுவர் எழுத்து சுருள் சுருளாகக் கிளை விட்டுப் போகும் பார்த்தீர்களா? ஒருத்தர் ஒன்று எழுத, இன்னொருத்தர் அதன் பக்கத்திலேயே பதில் எழுத, மூன்றாவது ஆள் கிண்டல் பண்ண, ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவைச் சுவரில் செதுக்கி வைத்த மாதிரி இருக்கும். ஒரு கோளில் பாதிப் பேச்சு, அதற்குப் பதில் வேறொரு கோளில். எது எதற்குப் பதில் என்று சேர்ப்பதுதான் நம் வேலை. கப்பலில் உள்ள குறிப்பேடு கிடைத்த குறிப்புகளைக் கோடு போட்டு இணைத்துக் காட்டும், விடை சொல்லாது.

கொடைரோடு
பௌதிக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. விண்வெளியில் பிரேக் கிடையாது, எதிர்த்திசையில் உந்தினால்தான் வேகம் குறையும். பெரும்பாலான விண்வெளி கேம்கள் இதை மழுப்பிவிடும், இது மழுப்பவில்லை. கோள்கள் எல்லாம் உண்மையிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. இறங்க வேண்டிய இடமும் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் வேகத்துக்கு நம் வேகத்தைச் சமன் செய்ய ஒரு பொத்தான் உண்டு. முதலில் அதைப் பழகுங்கள், சீனி.

ஆனால் கோள்கள் எல்லாம் பொம்மை அளவு. தாய்க்கோளை ஒரு சுற்று நடந்து வருவது நம் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வருவதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். சூரியன் சங்கதியும் அப்படித்தான். நம் சூரியனைப்போல் எட்டு மடங்காவது எடை இருந்தால்தான் ஒரு நட்சத்திரம் அப்படி வெடிக்கும். நம் சூரியன் உப்பிச் சிவந்து, மேல் அடுக்குகளை உதிர்த்துவிட்டு வெண்குறுமீனாகச் சுருங்கும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901-லிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பயம் வேண்டாம். கேமில் ஏன் வெடிக்கிறது என்று கேட்காதீர்கள். அதைச் சொன்னால் டீச்சர் அடிப்பார்.

பழங்காநத்தம்
எல்லோரும் அறிவு, வரலாறு என்கிறீர்கள். நான் காசு பேசுகிறேன். மர்மம் அவிழ்ந்துவிட்டால் இந்த கேமை மறுபடி விளையாட முடியாது. விடை தெரிந்த விடுகதைதான். கிரிக்கெட் கேம் வாங்கினால் மூன்று வருடம் ஓடும். அப்புறம் எனக்கு இந்த மிதக்கிற காட்சியெல்லாம் இருபது நிமிடத்தில் தலை சுற்றிவிடுகிறது. யாராவது அதையும் சொல்லுங்கள்.

கீழக்குயில்குடி
ஒருமுறைதான், மறுக்கவில்லை. எனக்கும் அதில் வருத்தம் உண்டு. 2021-ல் ஒரு இணைப்புக் கதை வந்தது, அதையும் முடித்துவிட்டேன். இப்போது அடுத்தவர்கள் தட்டுத் தடுமாறுவதைப் பார்ப்பதுதான் மிச்சம். ஆனால் ஒருமுறை என்பதாலேயே மதிப்பில்லை என்றால் என்ன நியாயம்? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை நாம் வருஷா வருஷம் பார்க்கிறோம், ஆனால் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த முதல் தடவை ஒன்றுதானே.

தலைசுற்றல் உண்மைதான். அது வருகிறவர்களுக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன்.

பழங்காநத்தம்
அழகரைப் பார்க்க டிக்கெட் கிடையாது டீச்சர்.

ஆனைமலை
சரி, உங்களிடமே கேட்கிறேன். நான் ஏன் நிறுத்தினேன் தெரியுமா? அந்த இரட்டைக் கோள்கள் இருக்கின்றனவே, ஆஷ் ட்வின், எம்பர் ட்வின். எம்பர் ட்வின் குகைக்குள் ஒரு பெரிய பழைய ஊர் இருக்கிறது. நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் மணல் ஏறி, கூரைக்கும் மணலுக்கும் நடுவில் நசுங்கிச் செத்தேன். அந்தக் குறுகல் பாதை அடைத்தே கிடக்கிறது. இதை ரசனை என்கிறீர்களா, வதை என்கிறீர்களா?

கீழக்குயில்குடி
எப்போது போனீர்கள்?

ஆனைமலை
எப்போது என்றால்? ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான்.

கீழக்குயில்குடி
ஐயோ அண்ணே, தீப்பக்கத்தில் கண் விழித்து எத்தனையாவது நிமிடத்தில் என்று கேட்டேன். அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று வெளியே நின்று பார்த்தீர்களா?

ஆனைமலை
பக்கத்துக் கோளிலிருந்து தூண் மாதிரி கொட்டுகிறது. அது தெரியும். நான் வழியில் நிலாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவேன்.

கொடைரோடு
மணற்கடிகாரம். ஒரு பக்கம் நிறைந்தால் மறுபக்கம் காலி. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

பழங்காநத்தம்
இதைத்தான் சொல்கிறேன். ஒன்பது மணி நேரம் போன பிறகு இன்னொருத்தர் வந்து கோடு போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கேமே சொல்லியிருக்கக் கூடாதா?

கீழக்குயில்குடி
கேம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. கண்ணெதிரே மணல் கொட்டுகிறது, அதைவிட எப்படிச் சொல்ல? ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். டார்க் பிராம்பிள் என்ற முட்புதர்க் கோளில் இருக்கும் மீனிடம் எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் கேமைத் திறக்கவே இல்லை.

சிம்மக்கல் சீனி
வெளிச்சம் தெரிகிறதே, யாரோ நம்ம ஆள் என்று நினைத்துப் போனேன். நம்ம ஆள் இல்லை.

தெப்பக்குளத்தான்
சண்டையை நிறுத்துங்கள், வாங்கிவிட்டேன். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று கடை முதலாளிதான் சொன்னார். பிடிக்காவிட்டால் ஆனைமலை அண்ணன் கட்சி.

கொடைரோடு
கீபோர்டில் ஓட்டாதீர்கள், கண்ட்ரோலர் இரவல் வாங்கியாவது விளையாடுங்கள். இன்னொன்று, இது அலெக்ஸ் பீச்சம் என்பவர் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. முழுதாக வெளிவருவதற்கு முன்பே, 2015-ல், சிறு குழுக்கள் சொந்தமாகச் செய்யும் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் பெரும்பரிசு வாங்கிவிட்டது. பரீட்சைக்காகச் செய்ததால்தான் ஆனைமலைக்குப் பரீட்சை மாதிரி இருக்கிறது போல.

ஆனைமலை
நேற்று மறுபடி இன்ஸ்டால் செய்தேன். கண் விழித்ததும் யாரிடமும் பேசவில்லை, நிலாவையும் பார்க்கவில்லை, நேராகப் போனேன். மணல் அடியில்தான் கிடந்தது. நான் நசுங்கிச் செத்த அந்த இடம், கூரை என்று நினைத்தேன் பாருங்கள், அது மாடி. அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இருக்கிறது. கீழே தெருத் தெருவாக வீடு. ஒரு சுவர் எழுத்தைப் படித்தேன். என்ன என்று சொல்ல மாட்டேன், தம்பி இங்கேதான் இருக்கிறான்.

என் கருத்து மாறவில்லை. வழி சொல்லாமல் விடுவது சோம்பேறித்தனம்தான். பழங்காநத்தம் சொல்வதும் சரி. ஆனால் எதிர்ப்பக்கத்துக் கோளில் மணல் வடிந்த பிறகு என்ன தெரியும் என்று மட்டும் பார்த்துவிட்டு அன்இன்ஸ்டால் செய்யப்போகிறேன்.

கீழக்குயில்குடி
பாருங்கள் அண்ணே. அவசரம் இல்லை, கொஞ்சம் தாமதமாகவே போங்கள்.

தெப்பக்குளத்தான்
மூன்று நாள் ஆச்சு. இரண்டு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, இனி பணம் திரும்பாது. மர்மம் எதுவும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நிலாவில் இறக்கும்போது கப்பலின் ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. அங்கே ஒரே ஒரு ஆள், நாற்காலியில் ஆடியபடி விசிலடித்துக்கொண்டிருக்கிறார். கையில் ஒரு கருவி தருகிறார்களே, வானத்தில் திருப்பினால் தூரத்துச் சத்தம் கேட்கும், அதைத் திருப்பினேன். ஒரு கோளிலிருந்து பாஞ்சோ, இன்னொன்றிலிருந்து புல்லாங்குழல், வேறெங்கோ மேளம். எல்லாம் ஒரே பாட்டு. எல்லோரும் தனித்தனியாக எங்கெங்கோ உட்கார்ந்து வாசிக்கிறார்கள். சூரியன் வெடிக்கிறவரை கேட்டுக்கொண்டே நின்றேன். மறுபடி கண் விழித்து, மறுபடி அங்கேயே போனேன். மணி இரண்டாகிவிட்டது.

சிம்மக்கல் சீனி
உடுப்பு மாட்டினாயா?

தெப்பக்குளத்தான்
மூன்றாவது தடவை மாட்டினேன் அண்ணே.