10 யார்டில் ஜீரோ செய்த பிஸ்டல் 25 யார்டில் மேலே சுடுமா, கீழே சுடுமா?

செம்புள்ளி:
பிஸ்டலில் ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடிக் கருவி) மாட்டியவர்கள் 10 யார்டில் ஜீரோ செய்துகொண்டால் (புள்ளி காட்டும் இடத்தில் குண்டு படும்படி திருகாணியைத் திருகி அமைத்துக்கொண்டால்) போதும், அதற்கு அப்பால் எல்லாம் தானாக அமைந்துவிடும் என்று நேற்று வேறொரு இழையில் ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தானாக அமைவதற்கு இது கல்யாண வரன் அல்ல. பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடின் மேல் மாட்டிய புள்ளியின் பார்வைக்கோடு குழலின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரத்தில் இருக்கிறது. 10 யார்டிலேயே குண்டு அந்தக் கோட்டைத் தொட வேண்டும் என்று திருகாணியைத் திருகினால், தொட்ட பிறகு குண்டு நின்றுவிடாது, கோட்டுக்கு மேலே ஏறிக்கொண்டே போகும். 9 எம்எம் தோட்டா, குண்டின் எடை 124 கிரெயின், விநாடிக்கு 1150 அடி வேகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 யார்டில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் மேலே படும். மாறாக, 25 யார்டில் ஜீரோ செய்தால் 10 யார்டில் அரை அங்குலத்துக்கும் குறைவாகக் கீழே படும், 50 யார்டில் ஓர் அங்குலம் கீழே படும். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

கொலம்பஸ்வாசி:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். போன வாரம் ஒஹையோவில் நான் வழக்கமாகச் செல்லும் ரேஞ்சில் 10 யார்டில் ஜீரோ செய்துவிட்டு, அதே தோட்டாவை அதே நாளில் 25 யார்டில் பி-8 என்ற இலக்குத் தாளில் 10 முறை சுட்டேன். குண்டுகள் நடுவிலிருந்து 2 அங்குலம் கீழே பட்டன. மேலே அல்ல, கீழே. தாளை கராஜ் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். உங்களிடம் கால்குலேட்டர் இருக்கிறது, என்னிடம் ஓட்டை விழுந்த தாள் இருக்கிறது.

செம்புள்ளி:
கீழே போனது குண்டு அல்ல, ஐயா, உங்கள் மணிக்கட்டு. வெடிச்சத்தம் வரப்போகிறது என்று பயந்து விசையை அழுத்தும் அதே நொடியில் முனையைக் கீழே தள்ளுபவருக்கு 10 யார்டில் அரை அங்குலம் தவறினால் 25 யார்டில் ஒன்றேகால் அங்குலம் தவறும். மணல் பையில் கையை வைத்துச் சுட்டீர்களா, வெறுங்கையில் சுட்டீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

கொலம்பஸ்வாசி:
வெறுங்கையில்தான் சுட்டேன். போட்டிக்கு மணல் பையை இடுப்பில் கட்டிக்கொண்டா போகிறோம்?

செம்புள்ளி:
அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. ஓர் அங்குலம் மேலே.

கரிமருந்து:
இருவருக்கும் ஒரு திருத்தம். குழலின் நேர்கோட்டுக்கு மேலே குண்டு எந்த நேரத்திலும் 'ஏறுவது' இல்லை. குழலை விட்ட கணத்திலேயே அது அந்த நேர்கோட்டுக்குக் கீழே விழத் தொடங்கிவிடுகிறது. 25 யார்டைக் கடக்க எடுத்துக்கொள்ளும் சுமார் 0.07 விநாடியில் ஏறக்குறைய முக்கால் அங்குலத்துக்கும் சற்று அதிகமாக விழுகிறது. குழல் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் அது பார்வைக்கோட்டைத் தாண்டி மேலே போகிறது. எட்டாம் வகுப்புப் பாடம் இது.

செம்புள்ளி:
'கோட்டுக்கு மேலே' என்று நான் எழுதியதைப் படிக்காமல் பாடம் எடுக்க வந்துவிட்டீர்கள். சென்ற ஆண்டு 147 கிரெயின் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். அன்று கடைசிவரை எனக்குப் பதில் சொல்லவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை.

கரிமருந்து:
அந்த விவாதத்தில் நான் பதில் சொல்லாததற்குக் காரணம், என் மகளின் பட்டமளிப்பு விழா. சரி, அதுவும் குற்றம் என்றால் இருக்கட்டும்.

இரட்டைப்பார்வை:
ஒரு சிறிய கேள்வி. ஜீரோ என்று நீங்கள் சொல்லும்போது குண்டு புள்ளியின் நடுவில் பட வேண்டும் என்கிறீர்களா, அல்லது புள்ளியின் மேல் விளிம்பில் பட வேண்டும் என்கிறீர்களா? 6 எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவுள்ள புள்ளி 25 யார்டில் ஒன்றரை அங்குலத்துக்கும் மேல் மறைத்துவிடுகிறது. ஒருவர் நடுவையும் மற்றவர் விளிம்பையும் கணக்கில் எடுத்தால், நீங்கள் சண்டையிடும் அங்குலத்தில் முக்கால் பங்கு அதிலேயே அடங்கிவிடுமே. எனக்குக் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் இருப்பதால் புள்ளியே நசுங்கிய திராட்சைபோலத் தெரிகிறது, அதனால்தான் கேட்கிறேன்.

கொலம்பஸ்வாசி:
இரண்டு அங்குலம் கீழே என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

செம்புள்ளி:
ஓர் அங்குலம் மேலே என்பதுதான் பதில்.

கொலம்பஸ்வாசி:
மேலே என்றே வைத்துக்கொள்வோம், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஸ்டீல் சேலஞ்ச் போட்டியில் 'அவுட்டர் லிமிட்ஸ்' கட்டத்தில் 35 யார்டில் நிற்கும் தகடு 18க்கு 24 அங்குலம். அதில் ஓர் அங்குலத்தைத் தேடுபவர் வைக்கோல் போரில் ஊசி தேடட்டும். 25 யார்டில் ஜீரோ செய்யச் சொல்கிறீர்கள். பிஸ்டல் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஒருவர் அங்கே நின்று சுட்டால் தாளில் 8 அங்குலத்துக்குச் சிதறி விழும். அந்தச் சிதறலுக்கு நடு எது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒவ்வொரு குண்டையும் துரத்தித் துரத்தித் திருகாணியைத் திருகித் தோட்டா தீர்ந்து வீட்டுக்குப் போவார். 10 யார்டில் அதே கை 2 அங்குலத்துக்குள் ஐந்து குண்டைப் போடும், நடு கண்ணுக்குத் தெரியும். ரேஞ்சில் வாராவாரம் நான் பார்ப்பது இதுதான்.

செம்புள்ளி:
தெரியும், ஆனால் எவ்வளவு நுட்பமாகத் தெரியும்? பெரும்பாலான புள்ளிகளில் திருகாணியின் ஒரு கிளிக் என்பது 1 எம்ஓஏ. 10 யார்டில் அது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது குண்டு போட்ட ஓட்டையின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று கிளிக் தவறாக வைத்துவிட்டு, ஓட்டை ஓட்டையைத் தொடுகிறது என்று கைதட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்த மூன்று கிளிக் 25 யார்டில் முக்கால் அங்குலமாக வந்து நிற்கும். யுஎஸ்பிஎஸ்ஏ போட்டியின் இலக்குத் தாளில் தலைப்பகுதியில் இருக்கும், முழு மதிப்பெண் தரும் ஏ பகுதி 4 அங்குல அகலம், 2 அங்குல உயரம். நடுவைக் குறிவைத்து ஓர் அங்குலம் மேலே போனால் கோட்டின் மீது நிற்கிறீர்கள். 18க்கு 24 தகட்டைக் காட்டி வாதாடுவது, யானையைக் கட்டிவைத்துக் குறிபார்க்கிறேன் என்பதைப் போன்றது. கிளாக் நிறுவனம் 2015இல் புள்ளி மாட்ட வசதியுள்ள எம்ஓஎஸ் வரிசையைக் கொண்டுவந்ததிலிருந்து புள்ளி மாட்டுவோர் பெருகிவிட்டார்கள், ஜீரோ செய்யத் தெரிந்தவர்கள் அதே அளவில் பெருகவில்லை. சுவரில் ஒட்டிய தாள்தான் பெருகியிருக்கிறது.

காற்றுத்துப்பாக்கி:
நான் சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுபவன். எங்களுக்குத் திறந்த பார்வைக்குறிகள் மட்டுமே அனுமதி, இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் கிடையாது. பத்தாம் வளையம் 11.5 மில்லிமீட்டர், ஓர் அங்குலம் தவறினால் ஏழாம் வளையத்தில் போய் விழுவோம். நீங்கள் ஓர் அங்குலத்தை இவ்வளவு தாராளமாகப் பேசுவதைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

கொலம்பஸ்வாசி:
வந்து வாழ்த்தியதற்கு நன்றி. உங்களுடைய ஈயக் குருணைக்கும் எங்களுடைய பிரச்சினைக்கும் சம்பந்தம் இல்லை.

காற்றுத்துப்பாக்கி:
சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் நாங்கள் சுட்டது எங்கே பட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

கரிமருந்து:
இந்த வாக்கியத்துக்காகவே இந்த இழையைத் திறந்தது வீண்போகவில்லை.

இடைவழி:
15 யார்டில் ஜீரோ செய்வது என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. அதே தோட்டா, அதே உயரம்: 10 யார்டில் கால் அங்குலம் கீழே, 25இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்குலம் மேலே, 50இல் அதே அளவு கீழே. புதியவரின் கையும் தாங்கும், கணக்கும் தாங்கும்.

செம்புள்ளி:
நீங்களும் '25இல் மேலே' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள் என்பதை எல்லோரும் கவனிக்கவும். 15க்கே மேலே என்றால் 10க்கு இன்னும் மேலே. ஓர் அங்குலம்.

இடைவழி:
நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

இரட்டைப்பார்வை:
நடுவா, விளிம்பா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கொலம்பஸ்வாசி:
ஞாயிற்றுக்கிழமை மணல் பையோடு போனேன். என் மனைவியின் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, இரண்டு முனையும் தைத்து, அரிசியை நிரப்பிய பை. கடையில் வாங்கியது அல்ல என்று அடுத்த குற்றச்சாட்டு வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். புறப்படும் முன் பேட்டரி மாற்றினேன். 10 யார்டில் ஜீரோவைச் சரிபார்த்துவிட்டு, 25 யார்டில் 10 குண்டு. அளவுகோலை வைத்து அளந்தேன்: சிதறலின் நடு சரியாக ஓர் அங்குலம் விலகியிருந்தது.

செம்புள்ளி:
ஒருவழியாக.

கொலம்பஸ்வாசி:
இடப்பக்கம்.

கரிமருந்து:
உங்கள் புள்ளி அடியில் பேட்டரி இருக்கும் வகை என்றால், அதைக் கழற்றாமல் பேட்டரி மாற்ற முடியாது. திரும்ப மாட்டும்போது திருகாணிகளை முறுக்கு அளவிடும் சாவியால் இறுக்கினீர்களா, கைப்பக்குவத்திலா?

கொலம்பஸ்வாசி:
கைப்பக்குவத்தில் இறுக்கினால் என்ன? என் தாத்தா காலத்துச் சைக்கிளையே நான்தான் கழற்றி மாட்டுவேன்.

செம்புள்ளி:
இடப்பக்கத்தைப் பற்றி நான் எங்கேயும் பேசவில்லை. மேலா, கீழா?

கொலம்பஸ்வாசி:
தாளின் படத்தைப் பதிவேற்றியிருக்கிறேன், கண் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

செம்புள்ளி:
படத்தில் தாள் தலைகீழாக இருக்கிறது.