கொலேஷனுக்கு 'வைப்புமுறை' சரிவருமா?

> 'வரிசையாக்கம்' என்றே வைத்துக்கொண்டால் என்ன?

வணக்கம். தரவுத்தளத்தில் சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று சொல்லும் விதிதான் கொலேஷன் (collation). அதற்கு 'வரிசையாக்கம்' போதாது என்பது என் கட்சி. வரிசையாக்கம் என்பது செயல். நாம் தேடுவது, எந்த விதியைப் பார்த்து அந்தச் செயல் நடக்கிறதோ அந்த விதிக்கான பெயர். ரோமன் எழுத்தான ஏ-யின் (a) தலையில் இரட்டைப் புள்ளி வைத்தால், ஜெர்மன் அகராதியில் அது சாதாரண ஏ-யோடு சேர்ந்து நிற்கும். ஸ்வீடிஷில் இசட்டுக்கும் பின்னால் போய்விடும். செயல் ஒன்றுதான், விதி வேறு.

நம் கதையும் அதுதான். அவல், அழகு, மயில், மனம் என்பது தமிழ் வரிசை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அழகு, அவல், மனம், மயில் என்று வரும். அங்கே ழ வ-வுக்கு முன்னால் இருக்கிறது, ன ந-வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் புள்ளி. அதன் எண் க, ல போன்ற எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பிந்தியது என்பதால் 'பகல்' முந்திக்கொள்ளும், 'பக்கம்' பின்னால் போகும். அகராதியில் தலைகீழ். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், 10-ஆம் பதிப்பு முதல், பல மொழிகளின் வரிசை விதிகளை வைத்திருக்கும் ஐசியு (ICU) என்ற நிரல் நூலகத்தின் தமிழ் விதியைக் கேட்டு வாங்கலாம். 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில் நாமே விதி எழுதிச் சேர்க்கவும் முடிகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். நல்ல சொற்களெல்லாம் ஏற்கெனவே பட்டா போடப்பட்டுவிட்டன. நிரல் என்றால் புரோகிராம். அடைவு என்றால் கோப்புகள் இருக்கும் இடம். அடுக்கு என்றால் ஸ்டாக். 'வரிசைநெறி' எனக்கும் பிடித்திருந்தது. அட்டவணையின் காலத்தை (column) நெடுவரிசை என்கிறோம்; 'நெடுவரிசையின் வரிசைநெறி' என்று ஒருமுறை எழுதிப் பார்த்ததும் ஆசை போய்விட்டது.

'வைப்புமுறை' புதுச்சொல் அல்ல. குறளின் அதிகார வைப்புமுறை என்று தமிழாசிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள். நன்னூலும் எழுத்திலக்கணத்தின் பன்னிரண்டு கூறுகளை அடுக்கும்போது 'எண், பெயர், முறை' என்றுதான் தொடங்குகிறது. அந்த 'முறை' எழுத்துகளின் வரிசையேதான். 'இந்த நெடுவரிசைக்குத் தமிழ் வைப்புமுறை', 'தனிப்பயன் வைப்புமுறை' இரண்டும் வாயில் இடறவில்லை. வங்கி வைப்பு நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், தரவுத்தளத்தில் யாரும் குழம்பமாட்டார்கள்.

ஒரு குறை மட்டும் எனக்கே உறுத்துகிறது. எது முன், எது பின் என்பதோடு, ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா வேறா என்று தீர்மானிப்பதும் இதே விதிதான். 'வைப்பு' அதைச் சொல்லவில்லை. இரண்டையும் தாங்கும் சொல் யாரிடமாவது இருந்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.