மதுரையில் இரண்டு பகல்: வயதான பெற்றோருடன் எந்த வரிசையில் சுற்றுவது?

கேள்வி (எழும்பூர்_பயணி):
பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடிகாலை இறங்கி, மறுநாள் இரவு அதே வண்டியில் திரும்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி; சைவம். அப்பாவுக்குச் சர்க்கரை, ஆனாலும் கறி தோசை சாப்பிட்டே ஆக வேண்டுமாம். கோயில், மகால், சுங்குடிச் சேலை, மல்லிகை, ஜிகர்தண்டா, இவ்வளவுதான் ஆசை. எப்படிப் போனால் அலைச்சல் குறையும்?

கூடல்வாசி:
மீனாட்சியம்மன் கோயில் நடையை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். பகல் 12.30 வாக்கில் சாத்தினால் மாலை 4-க்குத்தான் திறப்பார்கள். முதல் நாளே காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். செல்போன், கேமரா, பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் ஒரு வரிசை மிச்சம்.

பலர் கோட்டை விடுவது செருப்பில். எந்தக் கோபுர வாசலில் விட்டீர்களோ அதே வாசலில் வெளியே வரணும். திசை மறந்து வேறு வாசலில் வந்தால் சித்திரை வீதியில் பாதிச் சுற்று வெறுங்காலோடு நடை, உச்சி வெயிலில் கல் கொதிக்கும். அந்த வீதிகளில் வண்டியும் கிடையாது. அம்மாவை ஆட்டோவில் கிழக்குப் பக்கம் இறக்கி, அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழையுங்கள். அம்மன் சன்னதிக்கு அதுதான் நேர் வழி.

மகால் மாலை 5-க்கு மூடிவிடும், அதனால் மதியத்துக்கு மேல் அங்கே. 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியதில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். அதற்கே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். தெப்பக்குளம் தூரம், நேரமிருந்தால் போங்கள்.

வண்டியூரான்:
தெப்பக்குளத்தை அப்படித் தள்ளிவிடாதீங்க. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் அது என்பார்கள். அப்போது கிடைத்ததாகச் சொல்லப்படும் முக்குறுணிப் பிள்ளையாரைக் காலையில் கோயிலுக்குள் கும்பிட்டிருப்பீர்கள். மகாலிலிருந்து ஆட்டோவில் நேரே போனால் பொழுது சாயும் நேரம் சரியாக இருக்கும். படி இறங்க வேண்டாம், கரைத் திண்டில் உட்கார்ந்தாலே போதும், முழங்காலுக்கும் ஓய்வு.

சாயத்தொட்டி:
சுங்குடி பற்றி. 'சுங்குடி' என்று விற்பதில் பெரும்பாலானவை மெழுகு அச்சோ ஸ்கிரீன் அச்சோதான். கடையில் ஏறியதும் "முடிச்சா, அச்சா?" என்று கேளுங்கள். முடிச்சுச் சுங்குடியில் துணியைக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். அதனால் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, நடுவில் பொட்டுச் சாயம் நிற்கும், கட்டிய இடம் லேசாகப் புடைத்திருக்கும். அத்தனை புள்ளியும் அச்சடித்த வட்டமாக இருந்தால் அது அச்சேதான். அச்சுச் சேலையும் கட்ட நன்றாகவே இருக்கும். முடிச்சு விலை கொடுத்து அதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். முதல் அலசலுக்குப் பச்சைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல் உப்பு. ஊறவைக்காதீர்கள், தனியாக அலசி நிழலில் காயப்போடுங்கள்.

பழைய நினைப்பில் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் தையல்காரர்களைத் தேடாதீர்கள், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கோயிலைச் சுற்றியுள்ள கடைக்காரர்கள் "மாடியிலிருந்து கோபுரம் பாருங்கள், இலவசம்" என்று கூப்பிடுவார்கள். ஏறலாம், ஆனால் இறங்கும் வழி கைவினைக் கடைக்குள்தான். கதர் வேண்டுமானால் மேலமாசி வீதியில் 251-ஆம் எண் கட்டடம். 1921 செப்டம்பர் 22-இல் காந்தி மேலாடையைத் துறந்து வேட்டிக்கு மாறியது அங்கேதான்.

எழும்பூர்_பயணி:
நன்றி! சாப்பாடும் பூவும்?

கூடல்வாசி:
கறி தோசைக்குச் சிம்மக்கல் கோனார் மெஸ். மாவு, மேலே முட்டை, அதன்மேல் கொத்துக்கறி என்று கனமாக இருக்கும், இரண்டு பேருக்கு ஒன்று போதும். சைவத்துக்கு மேலமாசி வீதி முருகன் இட்லி கடை. ஜிகர்தண்டா விளக்குத்தூண் பக்கம். அதில் நன்னாரி சர்பத்தைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் சுண்டக் காய்ச்சிய பாலிலும் ஐஸ்கிரீமிலும் இருக்கும் சர்க்கரையைக் குறைக்க முடியாது. அப்பாவுக்கு இரண்டு வாய் மட்டும். பருத்திப் பாலிலும் வெல்லமோ கருப்பட்டியோ உண்டு, ஏமாந்துவிடாதீர்கள்.

வண்டியூரான்:
பூ கடைசி நாள் மதியத்துக்கு மேல். விரிந்த பூ வேண்டாம், இறுக்கமான மொட்டாகப் பாருங்க, ரயிலில் விரியும். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் தெளித்துக் கட்டினால் வேர்த்து விடியும்முன் பழுப்பேறிவிடும். வாழையிலையில் சுற்றி, பிழிந்த ஈரத்துணி போர்த்தி எடுத்துப் போங்க. மார்கழி, தை என்றால் பனியில் வரத்து குறைந்து விலை எகிறும், நாலு முழத்தோடு நிறுத்திக்கலாம்.