மறு: அளவீட்டு ஷெட்யூலிங்: ‘அட்டவணையிடல்’ வேண்டாமே

வணக்கம். பிணைய அளவீட்டில் ‘ஷெட்யூலிங்’ (scheduling) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த யோசனை இது:

> "அட்டவணையிடல்" என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அட்டவணை என்றதும் கட்டம் போட்ட தாளும் பள்ளிக்கூடப் பீரியடும்தான் கண்ணில் வருகின்றன. பிணையங்களின் வேகத்தையும் தாமதத்தையும் அளக்கும் பெர்ஃப்சோனார் (perfSONAR) மென்பொருளில், சோதனைகளை எப்போது ஓட்டுவது என்று பார்த்துக்கொள்ளும் பி-ஷெட்யூலர் (pScheduler) செய்வது நேரம் குறித்து வைப்பது மட்டுமல்ல. ஐபெர்ஃப்3 (iperf3) என்ற கருவி கொண்டு வேகம் அளக்கும்போது நாமே இணைப்பை நிரப்பிவிடுகிறோம். அந்த நேரம் பார்த்து இன்னொரு கணினியும் அதே முனையை நோக்கிச் சோதனையைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றையொன்றுதான் அளந்துகொண்டிருக்கும். அதனால் இரு முனைகளுக்கும் ஒழிந்த வேளை எது என்று பார்த்து, ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர். தாமதம் அளக்கும் சோதனைகள் அனுப்புபவை சின்னப் பொதிகள் (packets), அவை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் பாதகமில்லை.

வாய்க்காலில் தண்ணீர் போதாதபோது என்ன செய்கிறார்கள்? முறை வைத்துத் திறக்கிறார்கள். உன் முறை முடிந்தால் மடையை அடை, அடுத்த வயலுக்குப் போகட்டும். நமக்கு வேண்டியது இதுவேதான். ஆகவே ‘முறைவைப்பு’ என்கிறேன். ‘அளவீட்டு முறை’ என்று மட்டும் யாரும் சுருக்கிவிடாதீர்கள், அது வேறு பொருளுக்குப் போய்விடும்.

‘முறை என்றால் சீரான இடைவெளி என்று ஆகிவிடாதா’ என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2330 (RFC, இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசை) பாய்சான் முறையில், அதாவது முன்கூட்டி ஊகிக்க முடியாத இடைவெளிகளில் அளப்பதைப் பரிந்துரைக்கிறது. சரியாக அறுபது நொடிக்கு ஒரு தடவை அளந்தால், பிணையத்தில் அறுபது நொடிக்கு ஒரு தடவை வரும் நெரிசலை ஒவ்வொரு தடவையும் பிடிப்போம், அல்லது ஒரு தடவைகூடப் பிடிக்கமாட்டோம். 2002இன் ஆர்எஃப்சி 3432 சீர் இடைவெளியை ஏற்கிறது, ஆனால் தொடங்கும் நேரத்தையாவது சமவாய்ப்பாக வைக்கச் சொல்கிறது. இதெல்லாம் ‘இடைவெளி’ என்ற சொல்லின் பாடு: சீர் இடைவெளி, சமவாய்ப்பு இடைவெளி. முறைவைப்பு என்பது யார் எப்போது என்பதை மட்டும் சொல்லட்டும். அட்டவணையாக இருந்தால் இந்தக் குழப்பம் இன்னும் கூடத்தான் செய்யும்.

அப்புறம், இதைச் செய்யும் நிரலுக்கு உலாவி, திருத்தி போல ‘முறைவைப்பி’. பி-ஷெட்யூலர் ஒரு மென்பொருளின் சொந்தப் பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம்.